சலீம் அலி பழந்தின்னி வௌவாலும் ஆக்சோலோட்டலும்: ஓர் ஒப்பீடு

சலீம் அலி பழந்தின்னி வௌவால் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் காணப்படும் அரிய பாலூட்டி. ஆக்சோலோட்டல் என்பது மெக்சிக்கோ நகரின் தென்பகுதியில் உள்ள சோச்சிமில்கோ நீர்வழிகளில் மட்டும் இயற்கையாக வாழும் சாலமாண்டர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் முதலாவது ‘அருகிய இனம்’ என்றும், இரண்டாவது ‘மிக அருகிய இனம்’ என்றும் குறிக்கப்பட்டுள்ளன.

வானில் பறக்கும் ஒன்றையும் நீரை விட்டு வெளியே வராத ஒன்றையும் ஒப்பிடக் காரணம் உண்டு. முதலாவது இப்படி ஓர் இனம் இருப்பதே தெரியாமல் பல ஆண்டுகள் அருங்காட்சியகத்தில் கிடந்தது. இரண்டாவது உலகமெங்கும் ஆய்வகங்களிலும் கண்ணாடித் தொட்டிகளிலும் பெருகியிருந்தும் பிறந்த மண்ணில் மறைந்துவருகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், ‘அருகிய இனம்’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு வகையான ஆபத்துகள் அடங்கியிருப்பது விளங்கும்.

அருகிய இனம் என்பதன் பொருள்

வகுப்பறையில் இந்தப் பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் முதலில் கேட்பது, “இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது?” என்பதுதான். நியாயமான கேள்வியே. ஆயினும் சிவப்புப் பட்டியல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. ஓர் இனம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது, எவ்வளவு பரப்பில் வாழ்கிறது, அந்தப் பரப்பு துண்டு துண்டாகச் சிதறிவிட்டதா, வாழிடத்தின் தரம் கெட்டுவருகிறதா என்பனவும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. வளர்ப்பில் உள்ள உயிர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இயற்கையில் தானாக வாழ்ந்து இனம்பெருக்குபவையே எண்ணப்படும். இந்த விதியை நினைவில் வைத்துக்கொண்டு கீழ்வரும் பகுதிகளைப் படிக்க வேண்டும்.

சலீம் அலி பழந்தின்னி வௌவால்

*கண்டறிந்த வரலாறு*

தேனி மாவட்டம் சின்னமனூரிலிருந்து மேலேறிச் சென்றால் மேகமலை வரும். ஆங்கிலேயர் காலத்துப் பெயரை ஒட்டி இதை ‘ஹைவேவிஸ்’ என்றும் அழைப்பர். அன்று இப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய ஆங்கஸ் ஹட்டன் இயற்கை ஆர்வலருமாவார். 1948இல் அவர் ஒரு காப்பித் தோட்டத்தில் பிடித்த வௌவாலைப் பாடம் செய்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே அது நாடெங்கும் காணப்படும் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் எனத் தவறாக அடையாளம் காணப்பட்டு, மற்ற மாதிரிகளோடு வைக்கப்பட்டது.

தாய்லாந்து நாட்டு விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா பின்னாளில் அந்த மாதிரியை ஆராய்ந்தபோது பற்களின் அமைப்பு வேறாக இருப்பதைக் கண்டார். அதைப் புதிய இனமாக மட்டுமின்றிப் புதிய பேரினமாகவே 1972இல் அறிவித்தார். அகன்ற பல் என்று பொருள்படும் ‘லாட்டிடென்ஸ்’ என்பது பேரினத்தின் பெயராயிற்று. இந்தியப் பறவையியலின் முன்னோடியான சலீம் அலியைச் சிறப்பிக்க இனப்பெயர் ‘சலிமாலி’ என அமைந்தது. இந்த வௌவாலைக் கண்டுபிடித்தவர் சலீம் அலி என்று சிலர் எழுதுவது பிழை.

24 ஆண்டுகள் தவறான பெயரோடு கிடந்த ஒரே ஒரு மாதிரியைத் தவிர, அன்று இந்த இனத்துக்கு வேறு சான்று இல்லை. 1993இல்தான் ஆய்வாளர்கள் மீண்டும் மேகமலைக்குச் சென்று உயிருள்ள வௌவால்களைக் கண்டனர். முதல் மாதிரி கிடைத்து அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் களக்காடு–முண்டந்துறைப் பகுதியிலும் கேரளத்தின் பெரியாறு பகுதியிலும் இது பதிவாகியுள்ளது. இந்த மலைத்தொடருக்கு வெளியே உலகில் வேறெங்கும் இது காணப்படவில்லை.

*தோற்றமும் வாழ்க்கையும்*

இது நடுத்தர அளவுடைய வௌவால். முன்கையின் நீளம் ஏறத்தாழ 6.6 முதல் 6.9 செ.மீ. வரை இருக்கும். தலையில் கரும்பழுப்பு மயிரும், அடிப்பகுதியில் வெளிர்ந்த சாம்பல் கலந்த பழுப்பு நிறமும் உண்டு. வெளியே தெரியும் வால் இல்லை. மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் ஒவ்வோர் இணை வெட்டுப்பற்களே இருப்பது இதன் தனி அடையாளம்.

பகலில் குகைகளில் சிறு கூட்டமாகத் தங்கும். இரவில் மலைக்காடுகளிலும், நிழல்மரங்கள் நிறைந்த காப்பி, ஏலத் தோட்டங்களிலும் இரை தேடும். அத்திப் பழங்களையும், உருத்திராட்ச மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த காட்டு மரங்களின் பழங்களையும் உண்ணும். பழந்தின்னி வௌவால்கள் பொதுவாகப் பழத்தைக் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் பறந்துசென்று, சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையையும் விதையையும் துப்பும். அத்தியின் சிறு விதைகள் எச்சத்தோடு பறக்கும் வழியெல்லாம் விழும். தாய்மரத்தின் நிழலிலிருந்து விலகி விழும் இந்த விதைகளே காட்டின் வெற்றிடங்களில் புதிய கன்றுகளாக முளைக்கின்றன.

*அச்சுறுத்தல்கள்*

காட்டு மரங்களை வெட்டித் தோட்டப் பரப்பை விரிப்பது இதன் உணவைக் குறைக்கிறது. நிழல்மரங்களை அகற்றிவிட்டு வெயிலில் ஒரே வகைப் பயிரை வளர்க்கும் முறையும் அவ்வாறே. குகைகளில் மனிதர் அடிக்கடி நுழைவதும், புகைமூட்டுவதும் தங்குமிடத்தைக் கெடுக்கின்றன. வௌவால் கறி ஆஸ்துமாவுக்கு மருந்து என்ற அடிப்படையற்ற நம்பிக்கையால் வேட்டையும் நடக்கிறது. பழந்தின்னி வௌவால்கள் பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரே குட்டிதான் போடும். எனவே ஒரு குகையில் சில தாய்களைக் கொன்றால்கூட அந்த இழப்பு ஈடாகப் பல ஆண்டுகள் ஆகும்.

*சட்டத்தின் பார்வை*

இந்திய வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் 1972இல்தான். இந்த வௌவாலுக்குப் பெயர் கிடைத்த அதே ஆண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பட்டியலில் காகம், எலி ஆகியவற்றோடு பழந்தின்னி வௌவால்கள் அனைத்தும் ‘தீங்கு விலங்குகள்’ எனச் சேர்க்கப்பட்டிருந்தன. பழத்தோட்டங்களுக்குக் கேடு செய்பவை என்ற கருத்தே காரணம். அந்தப் பட்டியலில் இருந்தவற்றைக் கொல்ல அனுமதி தேவையில்லை. உலகில் ஒரே ஒரு மாதிரியால் அறியப்பட்ட உயிரினமும் அதே வரிக்குள் அடங்கிப்போனது. பின்னர் ஆய்வாளர்களின் தொடர்ந்த வேண்டுகோளால் சலீம் அலி பழந்தின்னி வௌவால் மட்டும் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதலாம் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. தீங்கு விலங்குகளுக்கான பட்டியல் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. மேகமலையும் வனவுயிர்ச் சரணாலயமாயிற்று. 2021இல் அது திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியானது.

ஆக்சோலோட்டல்

*சாலமாண்டர் என்பது எது?*

பார்வைக்குப் பல்லியைப் போல இருந்தாலும் சாலமாண்டர் பல்லி இனம் அன்று. பல்லிக்குச் செதில் உண்டு. அது ஊர்வன வகுப்பு. சாலமாண்டரின் தோல் செதிலின்றி ஈரமாக இருக்கும். அது தவளையைப் போன்ற நீர்நில வாழ்வி. தென்னிந்தியாவில் சாலமாண்டர்களே இல்லை. இந்தியாவில் இவற்றைக் காண டார்ஜிலிங் மலைப்பகுதிக்குச் செல்ல வேண்டும். ஆகவே இந்த விலங்கை அறிந்துகொள்ள நாம் மெக்சிக்கோவுக்கே போகலாம்.

*பிறந்த இடம்*

மெக்சிக்கோ நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், ஒரு காலத்தில் பல ஏரிகள் சூழ்ந்திருந்த பள்ளத்தாக்கில் உள்ளது. ஆக்சோலோட்டலின் தாயகம் அந்தப் பள்ளத்தாக்கின் தெற்கே இருந்த சோச்சிமில்கோ, சால்கோ என்ற இரண்டு ஏரிகள். சால்கோ ஏரி வேளாண்மைக்காக வடிக்கப்பட்டது. சோச்சிமில்கோ ஏரி சுருங்கி, இன்று கால்வாய்களின் வலைப்பின்னலாக எஞ்சியுள்ளது.

இந்தக் கால்வாய்களுக்கு நடுவே உள்ள நிலத்திட்டுகளுக்குச் ‘சினாம்பா’ என்று பெயர். ஏரிச்சேற்றையும் செடிகொடிகளையும் அடுக்கி, ஓரங்களில் மரம் நட்டு உருவாக்கிய செயற்கை வயல்கள் இவை. அஸ்டெக் மக்கள் காலத்திலிருந்து இவற்றில் மக்காச்சோளமும் காய்கறியும் பூவும் விளைகின்றன. 1987இல் சோச்சிமில்கோ யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்றாயிற்று. அஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியில் ‘அட்டில்’ என்றால் நீர். சோலோட்டில் என்பது ஒரு தெய்வத்தின் பெயர். பலியிடப்படுவதிலிருந்து தப்ப அந்தத் தெய்வம் பல வடிவெடுத்து, கடைசியில் நீருக்குள் இந்த விலங்காக ஒளிந்துகொண்டதாக அவர்களின் தொன்மம் கூறுகிறது.

*தோற்றமும் தனித்தன்மையும்*

முழு வளர்ச்சி பெற்ற ஆக்சோலோட்டல் பெரும்பாலும் 23 செ.மீ. அளவில் இருக்கும். தலையின் இருபுறமும் இறகு போன்ற மூன்று இணைச் செவுள்கள் விரிந்திருக்கும். இணையத்திலும் மைன்கிராஃப்ட் விளையாட்டிலும் மாணவர்கள் காணும் வெளிர்சிவப்பு ஆக்சோலோட்டல் வளர்ப்பில் பெருக்கப்பட்ட நிறவகை. இயற்கையில் வாழ்வது கரும்பழுப்பு நிறம் கொண்டது. சேற்று நீரில் எளிதில் கண்ணுக்குப் படாது.

பெரும்பாலான சாலமாண்டர்கள் இளவுயிரியாக நீரில் வாழ்ந்து, பின் செவுளை இழந்து நிலத்துக்கு ஏறும். ஆக்சோலோட்டல் இந்த உருமாற்றத்தைச் செய்வதில்லை. இளவுயிரியின் உடலோடே இனப்பெருக்கப் பருவத்தை அடைந்து, வாழ்நாள் முழுதும் நீரிலேயே இருக்கிறது. உருமாற்றத்தைத் தூண்டப் போதுமான தைராய்டு இயக்குநீர் இதன் உடலில் செயல்படாததே காரணம். வெளியிலிருந்து அதைக் கொடுத்தால் உருமாறும்.

காலை இழந்தால் எலும்பு, தசை, நரம்பு, தோல் எல்லாம் சேர்ந்த முழுக் கால் மீண்டும் வளரும். வால், தண்டுவடம், இதயத்தின் பகுதிகள் ஆகியவற்றையும் இது சீர்செய்துகொள்ளும். தழும்பு இருக்காது. இதனாலேயே இது ஆய்வகங்களின் விருப்ப விலங்காயிற்று. 1864இல் மெக்சிக்கோவிலிருந்து பாரிசுக்கு 34 ஆக்சோலோட்டல்கள் கொண்டுசெல்லப்பட்டன. விலங்கியலாளர் ஒகுஸ்த் துமெரில் அவற்றுள் சிலவற்றை வளர்த்து முட்டையிடச் செய்தார். குஞ்சுகளில் சில உருமாறியதைக் கண்டு அறிவியல் உலகம் வியந்தது. அன்று தொடங்கி இவை ஆய்வகம் விட்டு ஆய்வகம் சென்று பெருகின. 2018இல் இதன் மரபணுத்தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்டது. அது மனித மரபணுத்தொகுதியைப் போல ஏறத்தாழ 10 மடங்கு பெரியது.

*அச்சுறுத்தல்கள்*

சோச்சிமில்கோவுக்கு நீர் தந்த ஊற்றுகள் தலைநகரின் குடிநீருக்காகத் திருப்பப்பட்டன. இன்று கால்வாய்களில் பெரும்பாலும் சுத்திகரித்த கழிவுநீரே விடப்படுகிறது. மழைக்காலத்தில் கழிவு நேரடியாகவும் கலக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்களின் உணவுக்காகக் கெண்டை மீனும் திலேப்பியாவும் விடப்பட்டன. அதுவரை அந்த நீரில் பெரிய வேட்டையாடி ஆக்சோலோட்டல்தான். புதிய மீன்கள் அதன் முட்டையையும் குஞ்சையும் தின்றன. அதன் இரையையும் பறித்தன.

1998இல் நடந்த கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 ஆக்சோலோட்டல்கள் இருந்தன. 2014இல் அது 36ஆகக் குறைந்தது. ஒரு பெண் ஆக்சோலோட்டல் ஒரே முறையில் நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரம் வரை முட்டையிடும். அப்படியிருந்தும் 16 ஆண்டுகளில் இந்த வீழ்ச்சி. முட்டை குறையவில்லை, முட்டை பிழைக்கும் இடந்தான் இல்லாமற்போயிற்று.

ஒப்பீட்டுச் சுருக்கம்

வகுப்பு: வௌவால் பாலூட்டி, ஆக்சோலோட்டல் நீர்நில வாழ்வி.
வாழிடம்: மலைக்காடும் குகையும், நன்னீர்க் கால்வாய்.
பரவல்: மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி; மெக்சிக்கோவின் சோச்சிமில்கோ.
உணவு: பழங்கள், புழு, பூச்சி, சிறு மீன்.
சூழலில் பங்கு: விதை பரப்புதல், சிற்றுயிர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துதல்.
இனப்பெருக்கம்: பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டி, ஒரு முறையில் நூற்றுக்கணக்கான முட்டைகள்.
அறிவியலுக்கு அறிமுகம்: 1972; 1798.
சிவப்புப் பட்டியல் நிலை: அருகிய இனம்; மிக அருகிய இனம்.

வேற்றுமைகள் கற்பிப்பவை

முதல் வேற்றுமை இனப்பெருக்கத்தில் உள்ளது. வௌவாலின் குட்டிகள் குறைவு. தாய் ஒவ்வொன்றும் முக்கியம். எனவே வேட்டையைத் தடுப்பதே உடனடிப் பயன் தரும். ஆக்சோலோட்டலுக்குக் குஞ்சுகள் ஏராளம். ஆனால் அவை வளரத் தூய நீரும் எதிரி மீன் இல்லாத ஒதுக்கிடமும் வேண்டும். அங்கே பிடிப்பதைத் தடுத்தால் மட்டும் போதாது.

இரண்டாவது, அறிவில் உள்ள வேற்றுமை. ஆக்சோலோட்டலின் மரபணு வரை அறிந்துவிட்டோம். சலீம் அலி பழந்தின்னி வௌவாலைப் பற்றி எழுதப்பட்டவை ஒரு சிறு கோப்பில் அடங்கிவிடும். எந்தக் குகையில் தங்குகிறது என்று தெரியாத உயிரைக் காக்க இயலாது. எனவே அதற்கு முதல் தேவை களஆய்வு.

மூன்றாவது, வளர்ப்பில் உள்ள எண்ணிக்கை. “தொட்டிகளில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே, அவற்றைக் கால்வாயில் விட்டால் என்ன?” என்று மாணவர் கேட்கலாம். வளர்ப்பு ஆக்சோலோட்டல்கள் மிகச் சில முன்னோர்களிலிருந்து வந்தவை. மரபு வேறுபாடு குறைவு. ஆய்வகத்தில் வேறு சாலமாண்டர் இனத்தோடு கலப்பு நடந்த வழிமரபுகளும் உண்டு. தொட்டி நோயை நீரில் பரப்பும் அபாயமும் உள்ளது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கால்வாய் கெட்டுக் கிடக்கும்போது விடுவது அவற்றை மீன்களுக்கு இரையாக்குவதாகும்.

ஒற்றுமை: உழவரின் எல்லையில் வாழும் உயிர்கள்

இரண்டு உயிர்களும் மனிதர் கால்வைக்காத இடத்தில் வாழ்பவை அல்ல. 1948இல் வௌவால் பிடிபட்டது ஒரு காப்பித் தோட்டத்தில். ஆக்சோலோட்டல் வாழ்வது உழவர் வெட்டிய வாய்க்காலில். நிழல்மரங்களை விட்டுவைத்த பழைய தோட்டமுறை வௌவாலுக்குப் பழம் தந்தது. சேற்றை அள்ளி வயலுக்கு இட்ட சினாம்பா உழவர் வாய்க்காலைத் தூர்ந்துபோகாமல் காத்தனர். அந்த உழவுமுறைகள் மாறியபோதோ கைவிடப்பட்டபோதோ இந்த உயிர்களும் இடம் இழந்தன. ஆகவே வேலி போட்டு மனிதரை விலக்குவது மட்டுமே தீர்வாகாது. அங்கே வாழ்ந்து உழைப்பவருக்குப் பழைய முறையைத் தொடர்வது கட்டுப்படியாக வேண்டும்.

மெக்சிக்கோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை உணர்ந்து சினாம்பா உழவரோடு சேர்ந்து பணிசெய்கின்றனர். சில வாய்க்கால்களின் வாயில் தடுப்பு அமைத்து, நீரை வடிகட்டி, கெண்டையும் திலேப்பியாவும் நுழையாத ஒதுக்கிடங்களை உருவாக்குகின்றனர். அந்த வயலில் பூச்சிக்கொல்லி இன்றிப் பயிர் செய்யப்படுகிறது. இவ்வாறு சீர்செய்த இடங்களில் விடப்பட்ட 18 வளர்ப்பு ஆக்சோலோட்டல்கள் கண்காணிப்புக் காலத்தில் உயிர்பிழைத்து இரை தேடிக்கொண்டதாக 2025இல் ஆய்வு முடிவு வெளியாயிற்று. இடத்தைச் சரிசெய்தபின் விட்டால் பிழைக்கும் என்பதற்கு இது நம்பிக்கை தரும் சான்று. 2021இல் வெளியான மெக்சிக்கோவின் 50 பேசோ பணத்தாளிலும் சினாம்பாவும் ஆக்சோலோட்டலும் சேர்ந்தே இடம்பெற்றுள்ளன.

மேகமலையில் செய்யக்கூடியதும் இதே வழியில் உள்ளது. தோட்டங்களில் காட்டு அத்தி போன்ற நாட்டு மரங்களை நிழல்மரங்களாக வைத்திருக்கலாம். வௌவால் குகைகளை மலைவாழ் மக்களின் துணையோடு கண்காணிக்கலாம். தமிழகத்தின் சில ஊர்களில் ஆலமரத்து வௌவால்கள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத வழக்கம் உண்டு. பாதுகாப்பு நமக்குப் புதிய கருத்து அன்று என்பதற்கு அது போதிய சான்று.

நோய் அச்சம் பற்றி ஒரு குறிப்பு

2018இல் கேரளத்தில் நிப்பா காய்ச்சல் பரவியபின் வௌவால் என்றாலே அச்சம் கூடியுள்ளது. எச்சரிக்கை தேவை: கீழே விழுந்த, கடிபட்ட பழங்களை உண்ணக்கூடாது, வௌவாலை வெறுங்கையால் தொடக்கூடாது, குகைக்குள் சென்று அவற்றைக் கலைக்கக்கூடாது. மரத்தை வெட்டுவதும் கூட்டத்தை விரட்டுவதும் நோயைத் தடுக்காது. விரட்டப்பட்ட வௌவால்கள் வேறிடம் தேடி மனிதருக்கு இன்னும் அருகில் வரவே வாய்ப்பு உண்டு.

மாணவர் சிந்தனைக்கு

1. ஓர் உயிரினம் வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் இருந்தும் ‘மிக அருகிய இனம்’ எனப்படுவது ஏன்?
2. பழந்தின்னி வௌவால்கள் முற்றிலும் அழிந்தால் மலைக்காட்டில் அத்தி மரங்களுக்கு என்ன நேரும்?
3. உங்கள் ஊரில் வௌவால்கள் தங்கும் மரமோ மண்டபமோ உண்டா? அந்தி நேரத்தில் தொலைவில் நின்று, எத்தனை மணிக்கு வெளியேறுகின்றன என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். மேகமலை வௌவாலைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் இப்படிப் பொறுமையாகக் கவனித்தவர்கள் குறித்துவைத்தவையே.